‘ஃபீல்டு’ எனும் ஆங்கிலச் சொல்லும் கோலார் தங்கவயலும்: சொற்பொருள் நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு மொழியின் சொல் பிறிதொரு மொழிக்குப் பெயர்க்கப்படும்போது பொருள் மட்டும் பெயர்வதில்லை. பெறும் மொழியின் நிலம், தொழில், வாழ்வு ஆகியவற்றின் சாயலும் அச்சொல்லின்மேல் படிகிறது. பொதுச்சொற்களைவிட ஊர்ப்பெயர்களில் இப்படிவு நீடித்து நிற்கும். கர்நாடக மாநிலத்தின் கிழக்கெல்லையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் பகுதியில் அமைந்துள்ள கோலார் தங்கவயல் இதற்குத் தக்க சான்றாகும். ‘கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரைக் கன்னடம் ‘கோலார சின்னத கணி’ என்று வழங்குகிறது. சின்ன என்பது தங்கம். கணி என்பது சுரங்கம். தமிழோ அதனைத் ‘தங்கவயல்’ என்றது. ஒரே ஆங்கிலப் பெயர் ஒரு மொழியில் சுரங்கமாகவும் மற்றொரு மொழியில் வயலாகவும் ஆயிற்று.

நெல் விளையாத, ஏர் இறங்காத, மண்ணுக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் தோண்டப்பட்ட ஓரிடத்தை வயல் என்பது பொருந்துமா? நேர்மொழிபெயர்ப்பினால் விளைந்த பிழை என இதனை ஒதுக்கிவிடலாமா? ‘ஃபீல்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பையும் பொருள் வளர்ச்சியையும் அதற்குத் தமிழில் வழங்கும் நிகரன்களையும் ஆராய்ந்து, ‘வயல்’ என்னும் தேர்வு பிழையன்று என்றும், அத்தேர்வு எதைக் காட்டுகிறதோ அதே அளவு எதையோ மறைக்கவும் செய்கிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு

‘ஃபீல்டு’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஃபெல்டு’ என வழங்கிய செர்மானியக் குடும்பச் சொல். செர்மன் மொழியின் ‘ஃபெல்ட்’, டச்சு மொழியின் ‘வெல்ட்’ ஆகியன இதன் இனச்சொற்கள். தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளைக் குறிக்கும் ‘வெல்ட்’ என்னும் சொல் டச்சு வழியாகச் சென்றதே. இவற்றின் மிகப் பழைய வேர் சமதளம், பரப்பு என்னும் பொருளுடையது என்பர்.

இச்சொல்லின் தொடக்கப் பொருள் பயிர்நிலம் அன்று என்பதே முதன்மையாக நோக்கத்தக்கது. காடு அடர்ந்த நிலத்துக்கு மறுதலையாக, மரமற்று விரிந்து கிடக்கும் திறந்த வெளியையே அது குறித்தது. இங்கிலாந்தின் ‘ஷெஃபீல்டு’ என்னும் ஊர்ப்பெயர் ஷீஃப் என்ற ஆற்றையொட்டிய திறந்தவெளி எனப் பொருள்படும். உழுது பயிரிடும் நிலத்துக்குப் பழைய ஆங்கிலத்தில் தனிச்சொல் இருந்தது. அதுவே ‘ஏக்கர்’ என்பதன் முன்வடிவம். காலப்போக்கில் காடுகள் திருத்தப்பட்டு வெளிகள் விளைநிலங்களாயின. அப்போது ‘ஃபீல்டு’ பயிர்நிலத்தைக் குறிக்கத் தொடங்கியது. பயிர்நிலத்தைக் குறித்த ‘ஏக்கர்’ நில அளவையின் பெயராய்ச் சுருங்கியது. தமிழிலும் இவ்வகை மாற்றம் உண்டு. விளைநிலத்தைக் குறித்த ‘செய்’ என்னும் சொல் நன்செய், புன்செய் என்னும் தொகைகளில் நிலத்தையும், தனித்து வருமிடத்து நில அளவையும் குறித்து நின்றமை ஒப்பிடத்தக்கது.

திறந்த வெளி என்னும் முதற்பொருளிலிருந்து இச்சொல் பல திசைகளில் கிளைத்தது. படைகள் எதிர்கொள்ளும் வெளி போர்க்களமாயிற்று. ஆட்டம் நிகழும் வெளி ஆடுகளமாயிற்று. அறிவு செயற்படும் எல்லை துறை என்னும் பொருளைத் தந்தது. 1845ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே காந்தத்தின் ஆற்றல் பரவி நிற்கும் வெளியைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். அது இயற்பியலின் அடிப்படைக் கலைச்சொற்களுள் ஒன்றாயிற்று.

கனிமம் பரவிக் கிடக்கும் நிலப்பகுதி என்னும் பொருளும் இவ்வழியில் வந்ததே. 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் 1861இல் நியூசிலாந்தின் ஓட்டாகோவிலும் தங்கம் கண்டறியப்பட்டு மக்கள் திரண்ட காலத்தில் ‘கோல்டுஃபீல்டு’ என்னும் தொகை பெருவழக்குப் பெற்றது. இதற்கும் ‘மைன்’ என்னும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. ‘மைன்’ என்பது தோண்டப்பட்ட குழியையும் அதன் தொழிலையும் சுட்டும். ‘ஃபீல்டு’ என்பது கனிமம் பரவியுள்ள நிலப்பரப்பு முழுமையையும் சுட்டும். ஒரு ஃபீல்டில் பல மைன்கள் இருக்கலாம்.

கோலார்ப் பகுதிக்கு இவ்வேறுபாடு முழுதும் பொருந்தும். திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் நிலஅளவைப் பணிக்கு வந்த ஜான் வாரன் 1802இல் இப்பகுதி மண்ணில் தங்கம் கிடைப்பதை ஆராய்ந்து பதிவு செய்தார். நியூசிலாந்தில் போரிட்டுத் திரும்பிய அயர்லாந்துக்காரரான மைக்கேல் லாவெல் 1873இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை கோரினார். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றதும் தொழில் நிலைபெற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனப் பல சுரங்கங்கள் அடுத்தடுத்து இயங்கின. இவற்றை உள்ளடக்கிய நிலம் முழுமைக்குமான பெயராகவே பன்மை விகுதியோடு கூடிய ‘ஃபீல்ட்ஸ்’ அமைந்தது.

தமிழ் நிகரன்கள்: களம், புலம், வயல்

‘ஃபீல்டு’ என்பதன் பொருள்கள் அனைத்தையும் தாங்கும் ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. களம், புலம், வயல் என்னும் மூன்றும் அப்பொருட்பரப்பைத் தமக்குள் பகிர்ந்துகொண்டுள்ளன. கழனி, பழனம், செறு, புனம், கொல்லை, திடல், துறை முதலியனவும் பாரசீக வழிவந்த மைதானமும் ஓரோர் இடத்தில் துணைநிற்கின்றன.

களம் என்பது செயல் நிகழும் இடம். கதிரடிக்கும் இடமும் களம். படை பொருதும் இடமும் களம். தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையின் துறைகளில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அடுத்தடுத்து வைக்கிறது. உழவின் களமும் போரின் களமும் ஒரே சொல்லால் சுட்டப்படும் இம்மரபு ‘ஃபீல்டு’ என்பதன் பொருட்போக்கோடு ஒத்துச் செல்வது வியப்பளிக்கும். இன்றைய கலைச்சொல்லாக்கத்தில் களப்பணி, கள ஆய்வு, களமிறங்குதல் என இச்சொல் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக வளர்ந்துள்ளதற்கு இப்பழைய அடித்தளமே காரணம் எனலாம்.

புலம் என்பது விளைநிலத்தையும் திசையையும் இடத்தையும் குறிக்கும். அறிவைக் குறிக்கும் புலமை, புலவர் முதலிய சொற்களோடும் ஐம்புலன் என்பதோடும் இதற்கு வடிவ ஒற்றுமை உண்டு. அதனால்தான் காந்தப்புலம், மின்புலம் என அறிவியலிலும், பல்கலைக்கழகங்களில் துறைகளின் தொகுதிக்கும் இச்சொல் எளிதில் இயைந்தது. கோலார் தங்கவயலின் வரலாற்றில் இவ்வறிவியற் பொருளுக்கும் ஓரிடம் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்களும் இணைந்து நடத்திய ஆய்வில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடங்கள் கண்டறியப்பட்டன. தங்கம் தோண்டிய வயல் இயற்பியலின் புலத்துக்கும் இடமளித்தது.

புலம் என்பது ‘புலம்பெயர்தல்’ என்னும் தொடரிலும் வாழ்கிறது. தன் நிலம் விட்டு நீங்குதல் என்பதே இதன் பொருள். அன்றைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சுரங்கத்துக்குச் சென்றோர் இப்பொருளில் புலம்பெயர்ந்தோரே. சங்க அகப்பாடல்கள் வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தை ‘மொழிபெயர் தேயம்’ எனச் சுட்டும். மொழி மாறும் நாடு என்பது அதன் பொருள். அந்நாட்டில் குடியேறியவர்கள் தம் குடியிருப்புக்குக் கொண்ட பெயரே மொழிபெயர்ப்பாக அமைந்தது.

வயல் என்பதோ இம்மூன்றனுள் பொருள் மிகக் குறுகியது. களமும் புலமும் பல துறைகளுக்கு விரிய, வயல் நீர்பாய்ந்து நெல்விளையும் மருதநிலத்தோடு நின்றுவிட்டது. தங்கக்களம் என்றோ தங்கப்புலம் என்றோ பெயர்த்திருந்தால் பொருள் முரண் எழுந்திராது. விரிந்த சொற்கள் இரண்டு இருக்கக் குறுகிய சொல்லைத் தமிழ் ஏன் கொண்டது?

வயலும் பயலுவும்

இவ்வினாவுக்குத் தமிழ் எல்லைக்குள் மட்டும் விடை தேடுதல் போதாது. திராவிட மொழிகளில் வயல் என்பதற்கு இனமான சொற்கள் பல உள. மலையாளத்தில் அது ‘வயல்’ என்றே வழங்கி நெல்வயலையும் வெளியையும் குறிக்கிறது. வயநாடு என்ற பெயரை வயல்நாடு என விளக்குவாரும் உளர். கன்னடத்தில் சொல்முதல் வகரம் ஒலிப்புடைய பகரமாகத் திரிவது இயல்பு. தமிழின் வில் அங்கே பில்லு எனவும், வாழ் என்பது பாளு எனவும் ஒலிப்பதுபோல, வயல் என்பது ‘பயலு’ என்றாயிற்று. ஆனால் கன்னடப் பயலு நெல்வயல் அன்று, அது வெட்டவெளி. கூரையற்ற வெளியில் நிகழும் கூத்து ‘பயலாட்ட’ எனப்படும். வீரசைவ வசனங்களில், குறிப்பாக அல்லமப் பிரபுவிடத்து, பயலு என்பது எல்லையற்ற வெறுவெளியாகத் தத்துவப் பொருளும் பெறுகிறது. தெலுங்கிலும் இதன் இனச்சொல் திறந்தவெளியையும் வெளிப்புறத்தையும் குறிக்கும். ‘பயலுதேரு’ என்றால் புறப்படுதல்.

இவ்வொப்பீடு தரும் செய்தி தெளிவானது. வயல் என்னும் சொல்லின் அடியில் திறந்த வெளி என்னும் பொருள் கிடக்கிறது. தமிழில் அவ்வெளி உழவால் திருத்தப்பட்டுப் பயிர்நிலமாக இறுகியது; கன்னடத்திலும் தெலுங்கிலும் அது வெளியாகவே நின்றது. ‘ஃபீல்டு’ என்னும் சொல் ஆங்கிலத்தில் நடந்துசென்ற பாதையும் இதுவே. வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரு சொற்கள், ஒன்றையொன்று அறியாமலே, வெளியிலிருந்து விளைநிலத்துக்கு வந்திருக்கின்றன. எனவே களம், புலம் ஆகியவற்றைவிட வயலே ‘ஃபீல்டு’ என்பதன் சொல்வரலாற்றுக்கு மிக நெருங்கிய நிகரன் ஆகும்.

கோலார் மாவட்டம் கர்நாடகத்தின் ‘பயலுசீமெ’ எனப்படும் சமவெளிப் பகுதியைச் சேர்ந்தது என்பதும் இங்கு இணைத்து எண்ணத்தக்கது. பயலுசீமெயின் நடுவே தமிழர் ஒரு வயலைப் பெயரிட்டனர். பெயரிட்டோர் இவ்வினத்தொடர்பை அறிந்து செய்தனர் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மூன்று மொழிகள் நாள்தோறும் உரசும் ஒரு நிலத்தில் அச்சொல் அயலாக ஒலித்திராது என்பதே கருத்து. இதே பகுதியில், மைசூர் ஆணையராக இருந்த பௌரிங் என்பாரின் பெயரால் அமைந்த பௌரிங்பேட்டை, மக்கள் வழக்கில் பங்காரப்பேட்டை என்றாயிற்று. பங்காரம் தங்கத்தின் பெயர். பொருள் விளங்காத அயற்பெயரில் தமக்கு விளங்கும் பொருளைக் கண்டெடுத்தல் இந்நிலத்தின் பெயர்வழக்கில் உள்ள ஒரு போக்கு.

தொகையும் அதன் பொருளும்

தங்கவயல் என்னும் தொகையின் இலக்கணமும் ஆராயத்தக்கது. நெல்வயல், கரும்புவயல் என்பன போல இது, தங்கத்தை விளைவிக்கும் வயல் என விரிந்து, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகிறது. தங்கம் போன்ற வயல் என உவமைத்தொகையாக விரிக்கவும் இடமுண்டு எனினும் ‘தங்கம்’ என்னும் சொல் அதற்குத் தடையாகிறது. ‘பொன்’ என்றிருந்தால் பாராட்டுப் பொருளே முன்னிற்கும். பொன்வயல் என்றால் முற்றிய கதிரின் நிறமே நினைவுக்கு வரும். பொன் பழந்தமிழில் உலோகப் பொதுப்பெயராகவும் செல்வத்தின் பெயராகவும் விரிந்தது. தங்கமோ பொருளைக் குறிப்பாகச் சுட்டுவது. தங்கவயல் என்ற பெயர் பாராட்டாக அமையாமல் செய்தியாக அமைந்ததற்கு இதுவே காரணம். ஆங்கிலப் பன்மை விகுதி தமிழில் மறைந்ததும் இழப்பன்று. வயல் என்பது பால்பகா அஃறிணைப் பெயர் ஆதலின் ஒருமைக்கும் பன்மைக்கும் அதுவே பொருந்தும்.

மண்ணில் கிடைப்பதை ‘விளைவு’ என்பது தமிழுக்குப் புதிதன்று. உப்பளத்தில் உப்பு விளையும்; கடலில் முத்து விளையும். விதையின்றி வருவனவற்றையும் விளைவாகக் கருதும் இம்மரபில் தங்கம் விளைவதாகக் கொள்ளுதல் இயல்பே.

இங்குச் செங்கல்பட்டு மாவட்டத்து ஊரொன்றின் பெயர் ஒப்பீட்டுக்குத் துணையாகிறது. பொன்விளைந்த களத்தூர் என்பது அவ்வூர். புகழேந்திப் புலவர் பிறந்த ஊர் எனவும், நெல்லே பொன்னாக விளைந்த ஊர் எனவும் மரபுரை கூறும். பொன், விளைவு, களம் ஆகிய மூன்றும் ஒரே பெயரில் நிற்கின்றன. ஆனால் அங்கே உண்மையில் விளைந்தது நெல். பொன் அதன் சிறப்பு. தங்கவயலில் உண்மையில் கிடைத்தது தங்கம். வயல் அதன் உருவகம். களத்தூரில் உழவு தன்னைப் பொன்னால் உயர்த்திக்கொண்டது. தங்கவயலில் தங்கம் உழவின் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டது. உழவை இழந்தோர், அல்லது உழவில் தமக்கென நிலம் பெறாதோர், தாம் சென்ற புதிய இடத்துக்கு உழவின் சொல்லையே இட்டனர் என்பது இவ்வேறுபாட்டின் வழி வெளிப்படுகிறது.

வயல் இல்லாதவரின் வயல்

சுரங்கத்துக்குச் சென்றோருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். ஊரில் பிறர் வயலில் படியாளாகவும் பண்ணையாளாகவும் உழைத்தவர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தின் வடு ஆறாத காலத்தில்தான் சுரங்கம் ஆள் தேடத் தொடங்கியது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்ற எண்ணம் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நில ஆணையாக வடிவு பெற்றது 1892இல். அதற்கு முன்னரே தங்கவயலை நோக்கிய பெயர்வு தொடங்கிவிட்டது. 2024இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படமும் தன் நிலத்தைப் பறிகொடுத்த உழவன் தங்கம் தேடிச் செல்வதாகவே கதையைத் தொடங்குவது கருதத்தக்கது.

இப்பின்னணியில் வயல் என்னும் சொல் ஓர் உரிமைக் கோரிக்கையின் சாயலைப் பெறுகிறது. சுரங்கத் தொழிலின் சொற்கள் பலவும் தங்கவயல் தமிழில் ஆங்கில ஒலியோடே நின்றுவிட்டன. ஷாஃப்ட், மில், ரீஃப், லைன் என்பன பெயர்க்கப்படவில்லை. சாம்பியன் ரீஃப் இன்றுவரை சாம்பியன் ரீஃபே. ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் ஆங்கிலேயர் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. உழைப்பின் கருவிகளுக்கும் பகுதிகளுக்கும் முதலாளியின் சொற்களை ஏற்றுக்கொண்ட தமிழ், குடியிருக்கும் நிலம் முழுமைக்குமான பெயரை மட்டும் தன் சொல்லால் கூறிக்கொண்டது. வேலை பிறருடையது, ஊர் தம்முடையது என்னும் வேறுபாடு இதில் தொனிக்கிறது.

இவ்வூரார் சொல்லின் பொருள்மீது கொண்டிருந்த அக்கறைக்குப் பிறிதொரு சான்றும் உண்டு. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளை அமைந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பின்னர் அவருடைய நூல்களை அச்சிட்டுக் காத்ததில் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரும்பங்கு உண்டு. ‘தமிழன்’ இதழும் பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்து வெளிவந்தது. சாதிப்பெயர்களுக்கும் நாட்டுப்பெயர்களுக்கும் புதிய சொற்பிறப்பு விளக்கம் தந்து வரலாற்றைத் திருப்பி எழுத முனைந்தவர் பண்டிதர். அவருடைய விளக்கங்கள் அனைத்தும் இன்றைய மொழியியலுக்கு உடன்பாடானவை அல்ல. எனினும் ஒரு பெயருக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருடையது என்னும் கேள்வியை அவர் எழுப்பினார். அக்கேள்வியைத் தொடர்ந்து படித்துவந்த ஓர் ஊரின் பெயரை வெறும் மொழிபெயர்ப்புப் பிழையாகக் கருதுவது பொருந்தாது.

சொல் மறைப்பது

இதுவரை கூறியவற்றால் வயல் என்னும் சொல்லைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. அச்சொல் காட்டாத பக்கமும் உண்டு.

வயல் மேற்பரப்பின் சொல். வெயில், காற்று, நீர், பருவம் ஆகியவற்றோடு இயைந்தது. சுரங்கமோ ஆழத்தின் சொல். வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல், குழல் எனப் பொருள்படும் ‘சிரிங்ஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றில் வரும் ‘சுருங்கை’ நிலத்தடி வழியையும் நீர்த்தூம்பையும் குறிக்கும். இருளையும் நெருக்கத்தையும் இச்சொல் மறைப்பதில்லை. தங்கவயல் என்னும் பெயரோ பாறை வெடிப்பையும், கடும் வெப்பத்தையும், பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயையும் தன் பசுமைக்கடியில் மூடிவிடுகிறது. ஊரைப் பாராதவர் இப்பெயரைக் கேட்டால் அவர் மனத்தில் எழும் காட்சிக்கும், சயனைடு கழிவு குன்றுகளாய்க் குவிந்து நிற்கும் உண்மைக் காட்சிக்கும் இடைவெளி மிகுதி.

விளைச்சலின் பங்கீட்டிலும் சொல் பொய்த்தது. பிறர் வயலில் உழைத்தவன் அறுவடை நாளில் களத்திலிருந்து கூலிநெல்லையேனும் வீட்டுக்குக் கொண்டுசெல்வான். தங்கவயலில் விளைந்ததில் ஒரு மணியும் உழைத்தவனுக்கு உரியதன்று. வெளியேறும்போது உடல் சோதிக்கப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த வயலில் உழவனுக்குக் கிடைத்தது நாட்கூலி. மருதத்தின் சொல்லைத் தாங்கிய இடத்தில் மருதத்தின் வழக்கங்களுள் குறைந்த அளவு நீதி கொண்டதுகூடச் செல்லவில்லை. உருவகம் ஒரு பொருளின் பெயரைப் பிறிதொன்றுக்குத் தரும், உரிமையைத் தராது.

தமிழ்நாட்டின் நெய்வேலியோடு ஒப்பிடின் இம்முரண் கூர்மை பெறும். 1956இல் அங்கு நிறுவனம் தோன்றியது முதல் பழுப்பு நிலக்கரி எடுக்கும் இடத்தைத் தமிழ் ‘சுரங்கம்’ என்றே வழங்கி வருகிறது. அது நிலத்தடிக் குகை அன்று; மேல்மண் அகற்றித் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கம். அதன் விரிவுக்காகக் கையகப்பட்டனவற்றுள் உண்மையான நெல்வயல்கள் உண்டு. 2023ஆம் ஆண்டு சூலை மாதம் வளையமாதேவியில் கால்வாய்ப் பணிக்காகக் கதிர்விடும் நிலையில் நின்ற நெற்பயிர் இயந்திரங்களால் அழிக்கப்பட்டபோது எழுந்த விவாதம் நினைவுகூரத்தக்கது. வயல் இருந்த இடம் சுரங்கம் எனவும், சுரங்கம் இருந்த இடம் வயல் எனவும் பெயர் பெற்றன. முன்னதில் சொல் இழப்பைத் தெரிவிக்கிறது. பின்னதில் சொல் இழப்பை ஆற்றுகிறது.

மூடலுக்குப் பின்

1956இல் மைசூர் மாநில அரசின் உடைமையான சுரங்கங்கள், 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாக மத்திய அரசின்கீழ் வந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அவை மூடப்பட்டன. நிறுவனத்தின் பெயரில் ‘ஃபீல்டு’ இல்லை, ‘மைன்ஸ்’ மட்டுமே இருந்தது என்பது நோக்கத்தக்கது. சுரங்கம் மூடியதும் அப்பெயர் தன் பொருளை இழந்தது. கன்னடப் பெயரில் உள்ள கணியும் இன்று நினைவாக மட்டுமே நிற்கிறது. தமிழ்ப்பெயருக்கு அந்நிலை வரவில்லை. வயல் என்பது தொழிலின் பெயராக அமையாமல் நிலத்தின் பெயராக அமைந்தமையால், தொழில் நின்ற பின்னரும் அது ஊரின் பெயராகவே வாழ்கிறது. விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புவோர் திரும்பி வருவது தங்கவயலுக்குத்தான். அவர்களுள் பலர் சுரங்கத்தைத் தொழிலிடமாக அறியாத தலைமுறையினர்.

எஞ்சியிருக்கும் கேள்வியும் நிலத்தைப் பற்றியதே. சுரங்க லைன்களில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களின் வீட்டுரிமை, நிறுவனத்தின் வசமிருந்த நிலத்தின் எதிர்காலம், கழிவுக் குன்றுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மேற்பரப்பிலேயே பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு 2024இல் அளித்த இசைவு ஆகிய அனைத்தும் இவ்வயல் யாருடையது என்னும் ஒரே வினாவின் கூறுகள். அறுத்த தாளிலிருந்து மீண்டும் துளிர்ப்பதை உழவர் மறுதாம்பு என்பர். கழிவிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கப்படுமாயின் அம்மறுதாம்பின் பயன் முதல் விளைச்சலின் பயன்போலவே ஊரைக் கடந்து செல்லுமா என்பதே இன்று கேட்கத்தக்கது.

முடிவுரை

‘ஃபீல்டு’ என்னும் சொல் திறந்த வெளியில் தோன்றிப் பயிர்நிலமாகி, போர், ஆட்டம், அறிவு, கனிமம் எனப் பல எல்லைகளுக்கு விரிந்தது. தமிழ் அப்பொருள்களைக் களம், புலம், வயல் என்னும் சொற்களுக்குப் பகிர்ந்தளித்தது. கனிமநிலத்துக்கு வயலைத் தேர்ந்தது பொருட்குறுக்கம்போல் தோன்றினும், திராவிட இனச்சொற்களின் ஒளியில் நோக்கும்போது சொல்வரலாற்றுக்கு மிக இயைந்த தேர்வாகவே அமைகிறது. அத்தேர்வு நிலமற்றோரின் நிலவேட்கையை ஊர்ப்பெயராக்கியது. அதே வேளையில் ஆழத்தின் துயரையும் பங்கீட்டின் அநீதியையும் மறைத்தது.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நிகரன்களைப் பட்டியலிடும்போது எச்சொல் பொருந்தும் என்பதோடு, எச்சொல்லை யார் எந்நிலையில் தமக்கென எடுத்துக்கொண்டனர் என்பதும் பதியப்பட வேண்டும். அகராதியில் ‘ஃபீல்டு’ என்பதற்கு எதிரே வயல் எனப் பொருள் எழுதுகையில், நெல் விளைந்த வயலோடு, நெல் விளையாத அந்த ஒரு வயலுக்கும் இடம் தருதல் வேண்டும்.